பாய் பின்னும் குழந்தைகள் தொகுப்பு: அட்டைப் பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும்

கோடை விடுமுறை நெருங்கினால் திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. குழந்தையின் கையிலிருந்து கைபேசியை வாங்கிவிட்டு எதைக் கொடுப்பது? சிலர் வீட்டில் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த பழைய அட்டைப் பெட்டி ஒன்று இருக்கிறது. சிலர் அதே மாதிரிப் பெட்டியை இணையச் சந்தையில் பார்த்து விலை விசாரிக்கிறார்கள். மூடியில் ஒரு சிறுமியும் சிறுவனும் பாய் பின்னிக்கொண்டிருக்கும் படம். உள்ளே வண்ணத்தாள், நார், பிரம்பு, ஓர் ஊசி. பாயும் கூடையும் பின்னக் கற்றுத்தரும் குழந்தைகள் கைவேலைத் தொகுப்பு இது.

இதைப் பற்றி எழும் கேள்விகள் நான்கு. திருநெல்வேலி அருகே பத்தமடையில் நெய்யும் கோரைப்பாயை நெய்ய இது கற்றுத்தருமா? பழையது என்பதால் மதிப்பு உண்டா? குழந்தையின் கையில் தைரியமாகக் கொடுக்கலாமா? நம் ஊரிலேயே பாயும் கொட்டான் என்ற சிறிய ஓலைப்பெட்டியும் இருக்கும்போது இது எதற்கு?

நான்கையும் அளக்க ஒரே அளவுகோல் போதும். எந்தெந்த முடிவுகளைத் தொகுப்பே எடுத்துவிட்டது, எவற்றைக் குழந்தைக்கு விட்டுவைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் அது. அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் சொற்கள்

நெல்லையில் 'பெட்டி' என்றாலே பாதிப்பேருக்கு ஓலைப்பெட்டிதான் நினைவுக்கு வரும். அதனால் கடையில் வாங்கும் அட்டைப் பெட்டியை இங்கே 'தொகுப்பு' என்றே குறிப்பிடுகிறேன். வேறு சில சொற்களையும் பிரித்துக்கொள்வது நல்லது.

1. நெய்தல்: ஒரு வரிசை இழைகள் இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும். இன்னொரு வரிசை அவற்றின் ஊடே போய்வரும். அசையாமல் நிற்பது பாவு, ஊடே போவது ஊடை. பத்தமடையில் நடப்பது நெய்தல். அங்கே பருத்தி நூல் பாவு, கோரை ஊடை.

2. முடைதல்: இங்கே பாவும் இல்லை, ஊடையும் இல்லை. எல்லாக் கீற்றுகளும் சமம், எல்லாமே நகரும். தென்னங்கீற்று முடைவதும் ஓலைப்பாய் முடைவதும் கொட்டான் முடைவதும் இந்த வகை. தறி வேண்டாம், இரண்டு கையும் ஒரு தரையும் போதும்.

3. பின்னுதல்: பொதுச்சொல். சடையையும் பின்னுகிறோம், கூடையையும் பின்னுகிறோம். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு இருந்த ஒயர் கூடையையும் 'பின்னினோம்' என்றுதான் சொன்னோம். உண்மையில் அது முடிச்சு வேலை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கெட் என்று அந்த முடிச்சு வகைகளுக்குப் பெண்கள் வைத்த பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

வெளிநாட்டுத் தொகுப்பின் பாய்ப்பகுதி நெய்தலைச் சேர்ந்தது. கூடைப்பகுதியும் கிட்டத்தட்ட அதே. முடைதல் அதில் அநேகமாக இல்லை. இந்த வேறுபாடு பின்னால் பெரிதாகப் போகிறது.

மூடியைத் திறந்தால்

தொகுப்புக்குத் தொகுப்பு வேறுபாடு உண்டு. ஆனாலும் பழையவற்றில் பொதுவாகக் காணப்படுபவை இவை.

வண்ணத்தாள் சதுரங்கள். நான்கு பக்கமும் ஓரம் விட்டு, நடுவில் மட்டும் நீளவாக்கில் கீறி வைக்கப்பட்டிருக்கும். ஓரம் ஒட்டியிருப்பதால் கீறல்களுக்கு இடையிலுள்ள பட்டைகள் தனியே கழன்று வராது. அவைதான் பாவு. வேறு நிறத்தில், ஒரே அகலத்தில் நறுக்கிய தனிப் பட்டைகள் ஊடை. பட்டையின் நுனியைக் கவ்விக்கொள்ளும் மொண்ணையான நீள ஊசி ஒன்று. ஒரு பட்டைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று குழந்தை அந்த ஊசியைச் செலுத்தினால் போதும், சின்னதாக ஒரு பாய் உருவாகிவிடும்.

கூடைக்கு, விளிம்பு நெடுகத் துளையிட்ட வட்டமான அடித்தட்டு, அட்டையிலோ மெல்லிய பலகையிலோ. துளைகளில் செருகப் பிரம்புக் குச்சிகள். அவற்றைச் சுற்றிவர ஒரு கட்டு நார்.

அந்த நாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள் கலந்த வெண்மை, தட்டையாக, நாடாவைப் போல. நகத்தால் கீறினால் நீளவாக்கில் நேராகப் பிரியும். அதன் பெயர் ராஃபியா. ராஃபியா பனையின் இலையிலிருந்து உரித்தெடுக்கும் மேல்தோல் அது. மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியானது. நம் பனைமரத்துக்கு அது ஒரே குடும்பத்து உறவு. பிரம்பும் அதே பனைக் குடும்பத்துக் கொடிதான். ஆக, ஐரோப்பாவில் அட்டைப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டது வெப்ப நாடுகளின் பனை வேலையில் ஒரு துண்டு. அது சுற்றிக்கொண்டு உடன்குடிக்கோ திசையன்விளைக்கோ வந்து சேரும்போது, அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பின்னாலேயே பனை நிற்கிறது.

இப்படி ஒரு தொகுப்பு ஏன் பிறந்தது?

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதிலுள்ள 'கே' கிண்டர்கார்ட்டனின் முதலெழுத்து. ஜெர்மன் மொழியில் 'குழந்தைகளின் தோட்டம்'. அந்தப் பெயரை 1840-ல் சூட்டியவர் ஜெர்மன் கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல். அவர் 1782-ல் பிறந்து 1852-ல் மறைந்தார். ஜெர்மனியில் துரிங்கியா வட்டாரத்தின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்காக அவர் நடத்திய பள்ளியில் பாடப்புத்தகம் மையமாக இல்லை. பந்து, கட்டை, குச்சி, தாள் ஆகியவைதான் மையம். கையால் தொட்டு அடுக்கும் பொருள்களைக் 'கொடைகள்' என்றார். தாளைத் துளையிடுவது, தைப்பது, மடிப்பது, களிமண் பிசைவது போன்றவற்றைக் 'கைவேலைகள்' என்றார். தாள்பாய் பின்னுவது அந்தக் கைவேலைகளில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபிரோபெலின் நோக்கம் பாய் நெய்பவரை உருவாக்குவது அன்று. மேல்-கீழ், ஒற்றை-இரட்டை, திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு ஆகியவற்றைக் குழந்தை விரல் வழியாக அறிய வேண்டும் என்பதே நோக்கம். அதனால்தான் பாவின் அகலத்தையும் ஊடையின் நீளத்தையும் முன்கூட்டியே நறுக்கிக் கொடுத்தார்கள். நார் கிழிவது, ஈரம் காய்வது, கீற்று ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருவது போன்ற தொல்லைகளை எல்லாம் அகற்றிவிட்டு, ஒழுங்கை மட்டும் குழந்தையின் முன் வைத்தார்கள். ஒன்றுக்கு ஒன்று முடிந்ததும் இரண்டுக்கு இரண்டு, பிறகு இரண்டுக்கு ஒன்று என்று கோலம் எண்களாகவே நகரும்.

அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசு 1851-ல் கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தது; 1860-ல் தடை நீங்கியது. இதற்கிடையே இந்த முறை பிற நாடுகளுக்குப் பரவிவிட்டது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி என்ற அச்சுத் தொழிலதிபர் 1869 முதல் ஃபிரோபெலின் சாதனங்களைத் தயாரித்து விற்றார். பலகை விளையாட்டுகளால் பெயர் பெற்ற நிறுவனம் அவருடையதுதான். 1876-ல் பிலடெல்பியா கண்காட்சியில் இந்தச் சாதனங்களைக் கண்டு மகனுக்கு வாங்கிக் கொடுத்தவர்களில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் தாயும் ஒருவர். பள்ளிக்கூடச் சாதனமாகத் தொடங்கியது இப்படித்தான் வீட்டுக்கு வாங்கும் பரிசுப்பொருளாயிற்று. இன்று நம் கைக்கு வரும் பழைய தொகுப்புகள் அந்தப் பரம்பரையில் வந்தவை.

துளைகள் ஏன் ஒற்றைப்படை?

வட்டக் கூடைக்கான அடித்தட்டின் துளைகளை எண்ணினால் பொதுவாக ஒற்றைப்படையில் இருக்கும். 15, 17, 21 என்று. பலர் இதைத் தயாரிப்புப் பிழை என்று நினைத்து ஒரு குச்சியை விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் கூடை கெடுகிறது.

காரணம் எளிது. தாளில் எழுதிப் பார்க்கலாம்.

1. குச்சிகள் நான்கு என்று வையுங்கள். நார் முதல் குச்சிக்கு வெளியே, இரண்டாவதற்கு உள்ளே, மூன்றாவதற்கு வெளியே, நான்காவதற்கு உள்ளே போகிறது.

2. இரண்டாம் சுற்று தொடங்கும்போது மறுபடியும் முதல் குச்சி. வரிசைப்படி இப்போது வெளியே போக வேண்டும். முதல் சுற்றிலும் வெளியேதான் போனது.

3. இப்படியே எத்தனை சுற்றுப் போனாலும் முதல் குச்சிக்கு நார் எப்போதும் வெளியேதான். இரண்டாவதற்கு எப்போதும் உள்ளேதான். குச்சியை இரு பக்கமும் மாறி மாறிப் பிடித்துக்கொள்ளும் பிடிமானமே இல்லை. விரலால் நெம்பினால் கழன்றுவிடும்.

4. குச்சிகள் ஐந்து என்றால் ஐந்தாவதில் நார் வெளியே முடியும். மீண்டும் முதல் குச்சிக்கு வரும்போது உள்ளே போயாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறுகிறது. கூடை இறுகுகிறது.

இரட்டைப்படைக் குச்சிகளில் கூடை பின்னவே முடியாது என்பதில்லை. இரண்டு நார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் முடியும். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது அதிகம். அதனால் தொகுப்பு செய்தவர் அந்தக் கணக்கைத் தானே போட்டு, துளைகளாகக் குத்தி அனுப்பிவிட்டார். கூடை சரியாக வரும். ஏன் சரியாக வந்தது என்று குழந்தைக்குத் தெரியாது. ஒரு குச்சியை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டுப் பின்னச் சொல்லி, கெட்டுப்போவதைக் காட்டினால் தெரியும். பெற்றோர் செய்ய வேண்டிய வேலை அது. அறிவுறுத்தல் தாளில் அது இருக்காது.

கொட்டானின் மூலை

இனி நம் பக்கத்து வேலைக்கு வருவோம். கருப்பட்டி வாங்கினால் ஓலையில் கட்டித் தருவார்கள். அரிசி அளக்க, விதை வைக்க, தின்பண்டம் வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. சிறியது கொட்டான், சுமைக்குப் பெரியது கடகம், மட்டையிலிருந்து உரித்த நாரில் செய்தால் நார்ப்பெட்டி. கடலோரத்து மணப்பாட்டில் பெண்கள் குருத்தோலையில் செய்யும் பெட்டிகள் இன்றும் விற்பனைக்குப் போகின்றன. மணப்பாடு இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டமே.

கொட்டானில் துளையிட்ட அடித்தட்டு கிடையாது. குச்சியும் கிடையாது. தட்டையான ஒரு சின்னப் பாய் எழுந்து நின்று பெட்டியாகிறது. அது எப்படி என்பது இந்தக் கைவேலையிலேயே மிக அழகான இடம். எட்டுக் கீற்றுகள் போதும், கண்ணால் பார்த்துவிடலாம். ஓலை கைவசம் இல்லாவிட்டால் தடித்த தாள்பட்டைகளில் செய்யலாம்.

1. நான்கு கீற்றுகளை நெடுக்காகவும் நான்கைக் குறுக்காகவும் வைத்து, ஒன்றுக்கு ஒன்று மேல்-கீழாக நடுவில் ஒரு சதுரம் முடைய வேண்டும். நான்கு பக்கமும் நான்கு நான்கு நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

2. ஒரு பக்கத்தின் நான்கு நுனிகளில் நடு இரண்டை மட்டும் எடுக்க வேண்டும். இடப்பக்கத்து நுனியை வலப்பக்கமாகவும் வலப்பக்கத்து நுனியை இடப்பக்கமாகவும் சாய்த்து, ஒன்றை ஒன்று கடக்க வைக்க வேண்டும். எது மேலே, எது கீழே என்று யோசிக்க வேண்டியதில்லை. கடைசியாகக் கீழே போன கீற்று இப்போது மேலே வரும்.

3. கடந்த அந்தக் கணமே பாய் வளைந்து மேலே எழும்பும். அங்கே ஒரு மூலை பிறந்துவிட்டது.

4. மற்ற மூன்று பக்கங்களிலும் இதையே செய்தால் நான்கு மூலைகள். முதலில் போட்ட சதுரத்தின் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகள்தான் பெட்டியின் மூலைகளாகின்றன. சதுரத்தின் முனைகள் சுவரோடு சேர்ந்து மேலே போய்விடுகின்றன.

5. பிறகு இடச்சாய்வும் வலச்சாய்வுமாக நிற்கும் கீற்றுகளை ஒன்றோடொன்று முடைந்துகொண்டே மேலே போக வேண்டும். வேண்டிய உயரம் வந்ததும் நுனிகளை மடித்து, முடைந்த கட்டங்களுக்குள்ளேயே செருகிவிட வேண்டும்.

மூலையை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். தட்டைப் பாயில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி நான்கு கட்டங்கள் கூடும். மூலையில் மூன்று கட்டங்கள்தான் கூடுகின்றன. ஒரு கட்டம் குறைந்ததால் தாள் தட்டையாகக் கிடக்க முடியாமல் எழுந்து நிற்கிறது. 360 பாகையில் 90 பாகையை எடுத்துவிட்டால் மிச்சம் கூம்பாகத்தானே நிற்கும்? கனசதுரத்தின் மூலையைப் பற்றி எட்டாம் வகுப்பில் படிக்கும் வடிவியல், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியின் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்துவந்திருக்கிறது. அதைக் கணிதம் என்று நாம் அழைத்ததில்லை. அழைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒற்றை-இரட்டைத் தொல்லையும் இல்லை. மூலையில் இரண்டு கீற்றுகளும் மாறி மாறி வரும் முறை தானாகவே பொருந்திவிடுகிறது. முடைபவருக்கு மிஞ்சியிருக்கும் முடிவுகள் வேறு. எத்தனை கீற்று, எந்த இடத்தில் மூலை, எவ்வளவு இறுக்கம், எங்கே நிறுத்துவது. தொகுப்பு முன்கூட்டியே எடுத்துவிட்ட முடிவுகள் எல்லாம் கொட்டானில் குழந்தையின் கைக்குத் திரும்பி வருகின்றன.

தொகுப்பு விட்டுவிட்ட பாதி

திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது பத்தமடை. அந்த ஊர்ப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. நெய்பவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள முஸ்லிம் குடும்பத்தினர். பட்டுப்பாய் என்று அழைக்கப்படும் மிக நேர்த்தியான வகையைத் துணிபோல மடித்துக் கையில் அடக்கிவிடலாம். கல்யாணத்துக்கென்று நெய்யும் பாயில் மணமக்களின் பெயரும் திருமண நாளும் இடம்பெறும்.

அந்த நேர்த்தி தறியில் பிறப்பதில்லை. தறி மிக எளியது. தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய பாவு, துளைகள் இட்ட ஓர் அச்சுக் கட்டை, கோரையை ஊடே செலுத்த ஒரு குச்சி. தாள்பாய்த் தொகுப்பைப் பெரிதாக்கினால் கிட்டத்தட்ட இதுதான் வரும். வேறுபாடு முழுவதும் ஊடையில் இருக்கிறது.

கோரை தாமிரபரணிக் கரையோர ஈர நிலத்தில் வளர்கிறது. பச்சையாக அறுத்து, கிழித்து, காயவைக்க வேண்டும். பிறகு கட்டாகக் கட்டி ஓடும் நீரில் சில நாள்கள் ஊறப்போட வேண்டும். ஊறிப் பருத்த கோரையை மறுபடியும் காயவைத்து, இன்னும் மெல்லியதாகக் கிழிக்க வேண்டும். உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும் சோற்றை நீக்கித் தோலை மட்டும் எடுக்க வேண்டும். எவ்வளவு மெல்லியதாகக் கிழிக்கிறார்களோ அவ்வளவு மெல்லிய பாய். காயும்போது மழை பிடித்தால் நிறம் கெட்டுவிடும். ஓடாத நீரில் ஊறினால் அழுகும். நெய்வது வேலையின் பிற்பாதிதான். முற்பாதி ஆறும் வெயிலும் விரல்நகமும் சேர்ந்து செய்வது.

ஓலைக்கும் இதே கதைதான். குருத்தோலை இளசு, வெளிர்நிறம், வளைந்துகொடுக்கும். முற்றிய சாரோலை தடிமன், சுமைக்குத் தாங்கும். எந்தப் பெட்டிக்கு எந்த ஓலை என்று முதலில் தேர வேண்டும். நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி இரண்டு கீற்றாக்க வேண்டும். ஒரே அகலத்தில் வார வேண்டும். காய்ந்த கீற்றை முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் ஒடியும். இந்த 'வேண்டும்'கள் ஒன்றுகூட அட்டைப் பெட்டிக்குள் இல்லை. பிரம்பைச் சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் ஒற்றை வரி மட்டும் சில அறிவுறுத்தல் தாள்களில் இருக்கிறது. அழித்துவிட்ட ஒரு பெரிய பாடத்தின் கடைசி எழுத்து அது.

ஆக முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தொகுப்பு பத்தமடைப் பாய் நெய்யக் கற்றுத்தராது. நெய்தலின் ஒழுங்கைக் கற்றுத்தரும். அதை அது நன்றாகவே செய்கிறது. அதற்காக அதைக் குறைசொல்லவும் கூடாது. 'பாரம்பரியக் கைத்தொழிலைக் கற்றுத்தரும்' என்று விளம்பரம் செய்து புதிதாக விற்கும் தொகுப்புகளைத்தான் குறைசொல்ல வேண்டும்.

விளையாட்டா, வேலையா?

இந்த இடத்தில் சிலர் கோபப்படுவார்கள். 'எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாய் பின்னாமல் தப்பித்துப் படிக்கப் போவதற்குள் பட்ட பாடு போதாதா? மறுபடியும் கையில் ஓலையைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?' நியாயமான கோபம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலின் வழியாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றது. அது எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரியான பயிற்சி என்ற எண்ணம். 1953-ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் வேறு மாதிரி. கிராமப்புறக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரம் பாதியாகக் குறைந்தது. மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெற்றோரின் தொழில் என்பது இங்கே சாதியின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது.

ஃபிரோபெலின் தாள்பாயை எந்தக் குழந்தை பின்னியது என்று கேட்டால் விளையாட்டுக்கும் வேலைக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். வளர்ந்து பாய் பின்னியே பிழைக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்காத குழந்தை அதைப் பின்னியது. அதனால் அது விளையாட்டு. அதே வேலையை, இன்றைக்கு இத்தனை முடிக்காவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலையில் ஒரு குழந்தை செய்தால் அது உழைப்பு. கையசைவு ஒன்றே, பொருள் வேறு.

சட்டமும் இந்தக் கோட்டை வரைய முயன்றிருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்ற விலக்கையும் வைத்தது. வீட்டுக்குள் நடக்கும் வேலையில் உதவி எங்கே முடிகிறது, கட்டாயம் எங்கே தொடங்குகிறது என்று எந்த ஆய்வாளர் வந்து பார்ப்பார்? இந்த விலக்கு தளர்வானது என்பதே என் எண்ணம்.

அதற்காகக் கைவேலையையே குழந்தையிடமிருந்து விலக்கி வைப்பதும் தவறு. செய்ய வேண்டியது, கைவேலைக்கும் பிறப்புக்கும் உள்ள பிணைப்பை உடைப்பது. பத்தமடைக் குழந்தை மட்டும் கோரையைத் தொட வேண்டும், பனையேறி வீட்டுக் குழந்தை மட்டும் ஓலையைத் தொட வேண்டும் என்றிருந்தால் அது குலக்கல்வியின் மிச்சம். பாளையங்கோட்டையில் மருத்துவர் வீட்டுக் குழந்தையும் சந்தைத் தொழிலாளி வீட்டுக் குழந்தையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கொட்டான் முடைந்தால் அது கல்வி.

பழைய தொகுப்பின் வயது

மதிப்பு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அறிவுறுத்தல் தாள் இருந்து, உள்ளே எதுவும் பயன்படுத்தப்படாமல், மூடி கிழியாமல் இருந்தால் சேகரிப்பாளர் விரும்புவார். பாதி பின்னியது என்றால் விலை இல்லை. ஆனால் பாதி பின்னிய பாயில்தான் ஒரு குழந்தையின் கை தெரிகிறது. வயதைக் கண்டுபிடிக்க அச்சிட்ட எழுத்துகளே உதவும்.

1. விலை ஷில்லிங்கில் இருந்தால் பிரிட்டனில் 1971 பிப்ரவரிக்கு முற்பட்டது.

2. 'மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது' என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது.

3. அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-லோ அதற்குப் பிறகோ அச்சானது.

4. இந்தியத் தயாரிப்பில் விலை அணாவில் இருந்தால் ஏறத்தாழ 1957-க்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. மாநிலத்தின் பெயர் மதராஸ் என்றிருந்தால் 1969-க்கு முந்தையது.

5. பட்டைக்கோடு (பார்கோடு) இருந்தால் எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு.

குழந்தையின் கையில் கொடுக்கலாமா?

மிகப் பழையதைக் கொடுக்க வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டில் பச்சை நிறத் தாள்களுக்கு ஆர்சனிக் கலந்த சாயம் பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மரத்துண்டுகளுக்குப் பூசிய வண்ணத்தில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவே பொம்மைகளில் ஈய வண்ணத்தை 1978-ல்தான் தடுத்தது. சின்னக் குழந்தைகள் எதையும் வாயில் வைப்பார்கள். மரக்கூழ்த் தாள் நாளடைவில் மஞ்சளாகி நொறுங்கும். ஊசி பட்டதும் கிழியும். பழைய தொகுப்பை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் புதுத்தாளில் நறுக்கிக் கொடுப்பதே சரி. ஒரு கத்தரிக்கோலும் இரண்டு நிற அட்டையும் இருந்தால் பத்து நிமிட வேலை.

நம் ஊரில் எதிலிருந்து தொடங்குவது?

தாள்பாய் முதலில். ஐந்து, ஆறு வயதில் ஒழுங்கு விரலில் ஏறட்டும். பாவைப் பெரியவர் கீறிக் கொடுக்கலாம். ஊடையைக் குழந்தையே நறுக்கட்டும். கோணலாக வரும். கோணலான பட்டை பாயில் என்ன செய்கிறது என்பதைக் குழந்தை அங்கேயே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது எட்டுக் கீற்றுக் கொட்டான், முதலில் தாளில், பிறகு ஓலையில். எட்டு வயதுக்கு மேல் இதைச் செய்துவிடுகிறார்கள். ஈர்க்கு நீக்கும் வேலையில் கத்தி வேண்டியிருப்பதால் பெரியவர் கூட இருக்க வேண்டும். நகத்தாலேயே கிழிக்க வரும் இளங்குருத்து என்றால் இன்னும் நல்லது. கோரை கடைசி. பத்தமடையில் ஒரு வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் நின்று, கோரை கிழிபடுவதைப் பார்த்துவிட்டு, நெய்பவரிடம் கேட்டு இரண்டு கிழித்த கோரையை வாங்கி வந்து தாள்பாயின் ஊடையாகச் செருகச் சொல்லுங்கள். தாள் போன இடத்தில் கோரை போக மறுப்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஓலைக்கு எங்கே போவது என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால் குருத்தோலை ஞாயிறு வருகிறது. அன்று பாளையங்கோட்டையிலும் சாயர்புரத்திலும் நாசரேத்திலும் தேவாலய வாசல்களில் குருத்தோலை கை மாறும். ஆராதனை முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளுக்கு ஓலைச் சிலுவை மடித்துக் கொடுக்கும் பாட்டிமார் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிலுவையை வாங்கிக்கொண்ட பிறகு, 'பாட்டி, கொட்டான் மூலை எப்படித் திருப்புவது?' என்று குழந்தையைக் கேட்கச் சொல்லுங்கள். எட்டுக் கீற்று கையோடு கொண்டுபோங்கள்.